ஆங்கிலத்தின் 'பட்': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை முடிந்து வரும் பெரியவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கடை வைத்திருப்பவர்கள், செவிலியர்கள், நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் என்று பலரும் வருகிறார்கள். அவர்கள் எழுதியதைத் திருத்தும்போது என் பேனா அதிகம் நிற்பது 'பட்' என்ற சின்னச் சொல்லில்தான். ஐந்தாம் வகுப்புக்குள் எல்லோரும் படித்துவிட்ட சொல் என்பதால் அப்புறம் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வகுப்பில் மறுபடி மறுபடி வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

'பட்' என்றால் 'ஆனால்' தானே? இதில் படிக்க என்ன இருக்கிறது?

பல இடங்களில் அப்படித்தான். ஆனால் தமிழில் 'ஆனால்' வராத இடங்களிலும் ஆங்கிலம் 'பட்' கேட்கும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

'போன் பண்ணினேன், எடுக்கவில்லை' என்கிறோம். நடுவில் ஒரு சொல்லும் இல்லை, குரலே இரண்டையும் இணைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ஐ கால்ட் ஹிம், ஹி டிட் நாட் ஆன்சர்' என்று வெறும் கமாவோடு விட்டால் எழுத்தில் அது பிழை. 'ஐ கால்ட் ஹிம், பட் ஹி டிட் நாட் ஆன்சர்' என்று வர வேண்டும். 'எவ்வளவோ தேடியும் கிடைக்கவில்லை' என்பதில் வேலை பார்ப்பது 'தேடியும்' என்பதன் கடைசியில் ஒட்டியிருக்கும் 'உம்'. ஆங்கிலத்தில் அது 'வீ சர்ச்ட் எவ்ரிவேர், பட் வீ குட் நாட் ஃபைண்ட் இட்'. 'அக்கா சென்னையில் இருக்கிறாள், நானோ இன்னும் ஊரிலேயே இருக்கிறேன்' என்னும்போது அதே வேலையை ஒற்றை 'ஓ' செய்துவிடுகிறது.

இந்த 'ஓ' எவ்வளவு அழகாக 'பட்'டின் இடத்தில் உட்காரும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பைபிளில் இருக்கிறது. 1611ல் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பில் ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனம் 'பட் நோவா' என்று தொடங்குகிறது. உலகமே கெட்டுக்கிடக்கிறது, நோவா மட்டும் வேறு என்று சொல்லும் இடம். பழைய தமிழ் பைபிளில் அங்கே 'ஆனால்' கிடையாது, 'நோவாவுக்கோ' என்று இருக்கும். ஓகாரத்துக்குத் தொல்காப்பியம் சொல்லும் 6 பொருள்களில் முதலாவது பிரிநிலை, அதாவது ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்து நிறுத்துவது. அந்த ஓர் எழுத்துக்குள் ஆங்கிலத்தின் ஒரு முழுச் சொல் அடங்கிவிடுகிறது.

ஆகவே ஆங்கிலம் எழுதும்போது மனசுக்குள் 'ஆனால்' எங்கே வருகிறது என்று தேடாதீர்கள். முதல் பாதியைக் கேட்டவர் அடுத்து எதை எதிர்பார்த்திருப்பார், இரண்டாம் பாதி அந்த எதிர்பார்ப்புக்கு மாறாக இருக்கிறதா என்று பாருங்கள். மாறாக இருந்தால் 'பட்'.

இரண்டு விஷயங்களைச் சேர்க்கத்தானே போகிறோம்? 'அண்ட்' போட்டால் என்ன?

இரண்டு செய்திகளும் உண்மை என்ற அளவில் 'அண்ட்', 'பட்' இரண்டும் ஒன்றுதான். ஜெர்மன் தர்க்கவியலாளர் காட்லோப் ஃப்ரேகே 1879லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். தர்க்கக் கணக்கில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. கேட்பவர் முதலில் நினைத்திருக்கக் கூடியதற்கு மாறாக ஒன்று வருகிறது என்று கோடிகாட்டவே பேசுபவர் 'பட்' போடுகிறார் என்பது அவர் சொன்னதன் சாரம்.

இந்தக் கோடிகாட்டலில்தான் கவனம் வேண்டும். இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். 'ஷி இஸ் ஃப்ரம் எ வில்லேஜ், அண்ட் ஷி ஸ்பீக்ஸ் குட் இங்கிலீஷ்.' 'ஷி இஸ் ஃப்ரம் எ வில்லேஜ், பட் ஷி ஸ்பீக்ஸ் குட் இங்கிலீஷ்.' முதல் வாக்கியம் அந்தப் பெண்ணைப் பற்றி இரண்டு தகவல் சொல்கிறது. இரண்டாவது அவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் சொல்லிவிடுகிறது: கிராமத்திலிருந்து வந்தவர்களுக்கு நல்ல ஆங்கிலம் வராது என்று பேசுபவர் நினைக்கிறார். அவர் அதை வாய்திறந்து சொல்லவில்லை, 'பட்' சொல்லிவிட்டது. ஒருவரின் ஊர், சாதி, நிறம், வயது, உடல் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லைப் போடுவதற்கு முன் ஒரு நொடி நில்லுங்கள் என்று நான் வகுப்பில் கேட்டுக்கொள்வது இதனால்தான். அந்த இடத்தில் இலக்கணம் சரியாகவே இருக்கும், கேட்பவர் மனம் புண்பட்டிருக்கும்.

எல்லா 'பட்'டும் இப்படி எதிர்பார்ப்பை உடைப்பதில்லை. 'மை பிரதர் இஸ் டால், பட் ஐ ஆம் ஷார்ட்' என்பது இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டுகிறது, அவ்வளவுதான். அண்ணன் உயரம் என்றால் தம்பியும் உயரமாக இருப்பான் என்று யாரும் கணக்குப் போட்டிருக்க வேண்டியதில்லை. மொழியியலாளர் ராபின் லேகாஃப் 1971ல் இந்த இரண்டு வகையையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். தமிழில் நாம் 'ஓ' போடுவது பெரும்பாலும் இந்த ஒப்பிட்டு நிறுத்தும் வகைக்குத்தான்.

எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது?

இதை யாரும் கேட்பதில்லை, நானாகச் சேர்த்த கேள்வி. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

'தி ஹவுஸ் இஸ் ஸ்மால், பட் இட் இஸ் நியர் தி ஸ்டேஷன்.' இதைக் கேட்டவர் வீட்டைப் பார்க்கக் கிளம்புவார். 'தி ஹவுஸ் இஸ் நியர் தி ஸ்டேஷன், பட் இட் இஸ் ஸ்மால்.' இதைக் கேட்டவர் வேறு வீடு தேடுவார். தகவல் ஒன்றுதான், வீடும் ஒன்றுதான். 'பட்'டுக்குப் பின்னால் வருவதில்தான் பேசுபவரின் மனம் இருக்கிறது என்று கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். 'பையன் நன்றாகப் படிக்கிறான், ஆனால் பேசிக்கொண்டே இருக்கிறான்' என்று டீச்சர் சொன்னால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா எதைப் பற்றிப் பேசுவார் என்று நமக்குத் தெரியும். திருப்பிச் சொல்லியிருந்தால் பையனுக்கு அன்றைக்கு நல்ல நாள்.

வேலைக்கு விண்ணப்பம் எழுதும் பிள்ளைகள் இங்கேதான் தங்களுக்கே கெடுதல் செய்துகொள்கிறார்கள். 'ஐ ஆம் எ ஃபாஸ்ட் லேர்னர், பட் ஐ ஹேவ் நோ எக்ஸ்பீரியன்ஸ்' என்று எழுதிக்கொண்டு வந்தாள் ஒரு பெண். அனுபவம் இல்லை என்பது உண்மை, அதை மறைக்கச் சொல்லவில்லை. இடத்தை மட்டும் மாற்றச் சொன்னேன்: 'ஐ ஹேவ் நோ எக்ஸ்பீரியன்ஸ் யெட், பட் ஐ ஆம் எ ஃபாஸ்ட் லேர்னர்.' எழுதி முடித்ததும் அவளே இரண்டையும் மாறி மாறி வாசித்துப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் நான் வேறு எதையும் தொடவில்லை.

'ஆல்தோ' போட்டு ஆரம்பித்தால் நடுவில் 'பட்' வரலாமா?

வரக்கூடாது. 'ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் வீ வென்ட்' என்பது நம் ஊரில் மிக அதிகமாகக் காணும் பிழை. 'ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், வீ வென்ட்' என்று எழுதுங்கள், அல்லது 'இட் வாஸ் ரெய்னிங், பட் வீ வென்ட்' என்று எழுதுங்கள். முரணை ஆங்கிலம் ஒரு தடவைதான் குறிக்கும்.

இந்தப் பிழை சோம்பலால் வருவதில்லை. தமிழ்க் காது சரியாக வேலை செய்வதால் வருகிறது. 'மழை பெய்தாலும் போனோம்' என்பதில் முரணைக் காட்டும் 'ஆலும்' எங்கே நிற்கிறது? முதல் பாதியின் கடைசியில், அதாவது முழு வாக்கியத்தின் நடுவில். 'மழை பெய்தது. இருந்தாலும் போனோம்' என்றாலும் அடையாளம் நடுவில்தான். நடுவில் ஒரு கொக்கி இருக்க வேண்டும் என்று நம் காது சின்ன வயசிலிருந்தே பழகியிருக்கிறது. ஆங்கிலம் 'ஆல்தோ'வைத் தூக்கி முன்னால் வைத்துவிடுகிறது, நடு இடம் காலியாகிறது. அந்த வெறுமை பொறுக்காமல் நாம் ஒரு 'பட்'டைக் கொண்டுவந்து வைக்கிறோம். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் கமாவே போதும். கமாவில் அரை மூச்சு நின்று வாசித்துப் பழகுங்கள், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும்.

பழைய பள்ளி இலக்கணப் புத்தகங்களில் படித்தவர்கள் 'தோ... யெட்' என்று ஜோடியாக எழுதுவார்கள். அது பிழை இல்லை, பழைய நடை. இன்றைய ஆங்கிலத்தில் அந்த 'யெட்' பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. அதைப் பார்த்துப் பழகிய கைதான் சில சமயம் 'யெட்' இருந்த இடத்தில் 'பட்' போடுகிறது.

தேர்வில் சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று மாற்றச் சொல்கிறார்களே?

பள்ளித் தேர்விலும் போட்டித் தேர்விலும் தவறாமல் வரும் கேள்வி. ஒரே செய்தியை மூன்று விதமாகச் சொல்ல வேண்டும்.

'ஹி வாஸ் இல், பட் ஹி வென்ட் டு வொர்க்' காம்பவுண்ட். இரண்டு பாதியும் சமம், ஒவ்வொன்றும் தனியாக நிற்கும். 'தோ ஹி வாஸ் இல், ஹி வென்ட் டு வொர்க்' காம்ப்ளெக்ஸ். முதல் பாதி தனியாக நிற்காது, இரண்டாவதைச் சார்ந்திருக்கிறது. 'இன் ஸ்பைட் ஆஃப் ஹிஸ் இல்னஸ், ஹி வென்ட் டு வொர்க்' சிம்பிள். வினை ஒன்றே ஒன்று, நோய் என்பது வெறும் பெயர்ச்சொல்லாகிவிட்டது. 'இன் ஸ்பைட் ஆஃப்' என்பதற்குப் பதில் 'டெஸ்பைட்' போடலாம், அப்போது 'ஆஃப்' வராது. 'டெஸ்பைட் ஆஃப்' என்று எழுதி மதிப்பெண்ணை விட்டவர்கள் ஏராளம்.

எந்த வகை என்று சந்தேகம் வந்தால் பாதியைத் தூக்கி இடம் மாற்றிப் பாருங்கள். 'ஹி வென்ட் டு வொர்க், தோ ஹி வாஸ் இல்' என்று சார்ந்த பாதி பின்னால் போகும். 'பட் ஹி வென்ட் டு வொர்க், ஹி வாஸ் இல்' என்று மாற்றினால் வாக்கியமே உடைந்துவிடும். 'பட்' எப்போதும் இரண்டு பாதிக்கும் நடுவில் நிற்கும் சொல்.

கமா எங்கே? 'பட்'டுக்கு முன்னாலா, பின்னாலா?

முன்னால். இரண்டு பக்கமும் எழுவாயும் வினையும் உள்ள முழு வாக்கியங்கள் இருந்தால் 'பட்'டுக்கு முன் கமா போடுங்கள். எழுவாய் திரும்ப வரவில்லை என்றால் பெரும்பாலும் வேண்டாம்: 'ஹி வாஸ் டயர்ட் பட் ஹேப்பி.' முழு வாக்கியங்களே என்றாலும் இரண்டும் மிகச் சிறியதாக இருந்தால் கமாவை விட்டுவிடுபவர்களும் உண்டு.

பின்னால் கமா வேண்டாம். தமிழில் 'ஆனால், அவர் வரவில்லை' என்று எழுதிப் பழகியதால் ஆங்கிலத்திலும் கை போட்டுவிடுகிறது. இடைச்செருகலாக ஏதாவது வந்தால் மட்டும் அந்த இடைச்செருகலுக்காக இரண்டு பக்கமும் கமா வரலாம்: 'பட், டு பி ஆனெஸ்ட், ஐ ஃபர்காட்.'

'பட்' என்று வாக்கியத்தைத் தொடங்கக்கூடாது என்று டீச்சர் சொன்னாரே?

தொடங்கலாம். மேலே சொன்ன 1611 பைபிளில் எத்தனையோ வசனங்கள் அப்படித் தொடங்குகின்றன. 1787ல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தில், ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு எழுதிய ஆவணத்தில், முதல் பிரிவிலும் இரண்டாம் பிரிவிலும் 'பட்' என்று தொடங்கும் வாக்கியங்கள் இருக்கின்றன. இன்றைய நல்ல ஆங்கிலப் பத்திரிகை எதைப் புரட்டினாலும் ஒரு பக்கத்துக்குள் ஒன்று கிடைக்கும்.

டீச்சர் சொன்னதிலும் நியாயம் உண்டு. சின்னப் பிள்ளைகள் கதை எழுதும்போது ஒவ்வொரு வரியையும் 'அண்ட்', 'பட்', 'சோ' என்றே ஆரம்பிப்பார்கள். அதை நிறுத்துவதற்காகச் சொன்ன வகுப்பறை விதி, வளர்ந்த பிறகும் சட்டமாக ஒட்டிக்கொண்டது. தேர்வுத்தாளில் மட்டும், திருத்துபவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாததால், தவிர்த்துவிடச் சொல்கிறேன். மற்ற இடங்களில் பயமில்லாமல் எழுதுங்கள். முந்தைய வாக்கியம் நீளமாக இருந்தால் முற்றுப்புள்ளி வைத்து 'பட்' என்று புதிதாகத் தொடங்குவது வாசிப்பவருக்கு உண்மையிலேயே உதவி.

'பட்'டுக்குப் பதில் 'ஹவெவர்' போட்டால் கௌரவமாக இருக்குமா?

பொருள் ஏறக்குறைய அதுதான், இலக்கணம் வேறு. 'ஹவெவர்' இணைப்புச் சொல் இல்லை, வினையடை. அதனால் இரண்டு வாக்கியங்களைக் கமாவோடு ஒட்டும் பலம் அதற்குக் கிடையாது. 'ஐ அப்ளைட், ஹவெவர் ஐ டிட் நாட் கெட் தி ஜாப்' என்பது பிழை. முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், பின்னால் கமா வேண்டும்.

அலுவலகக் கடிதத்திலும் அறிக்கையிலும் அது பொருந்தும். நண்பருக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியில் 'ஹவெவர்' போட்டால் கோட்டு சூட்டோடு டீக்கடைக்குப் போன மாதிரி இருக்கும். சந்தேகம் வந்தால் 'பட்' போடுங்கள், அது எங்கேயும் செல்லும்.

'நாட்... பட்...' வாக்கியத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது?

'ஹி இஸ் நாட் எ டாக்டர் பட் எ நர்ஸ்.' இதைத் தமிழில் 'அவர் டாக்டர் அல்ல, ஆனால் நர்ஸ்' என்று எழுதுகிறார்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். 'அவர் டாக்டர் இல்லை, நர்ஸ்.' அவ்வளவுதான். மொழிபெயர்ப்புக் கட்டுரைகளிலும் விளம்பரங்களிலும் இந்த 'அல்ல, ஆனால்' பெருகிக்கொண்டே வருவது எனக்கு மனவருத்தம் தருகிறது.

காரணம் எளிது. இந்த 'பட்' முரண் காட்டவில்லை, திருத்தம் செய்கிறது. தவறான ஒன்றை எடுத்துவிட்டுச் சரியானதை அந்த இடத்தில் வைக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு வேலைக்கும் ஒரே சொல் இருப்பதால் வேறுபாடு தெரிவதில்லை. ஜெர்மன் மொழி முரணுக்கு 'ஆபர்' என்றும் திருத்தத்துக்கு 'சொண்டர்ன்' என்றும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. ஸ்பானிய மொழியில் 'பெரோ', 'சினோ'. தமிழ் திருத்தத்துக்குச் சொல்லே கேட்பதில்லை. 'இல்லை' என்றோ 'அல்ல' என்றோ சொல்லிவிட்டு அடுத்ததைச் சொன்னால் போதும். ஆங்கிலம் எழுதும்போது இந்த இடத்தில் 'பட்'டை மறக்காதீர்கள், தமிழ் எழுதும்போது 'ஆனால்' சேர்க்காதீர்கள்.

'நாட் ஒன்லி... பட் ஆல்சோ'?

'மட்டுமல்லாமல்... உம்' என்பதற்குச் சமம். 'அவள் பாடுவது மட்டுமல்லாமல் வீணையும் வாசிப்பாள்' என்று நாம் 'உம்' போடும் இடத்தில் ஆங்கிலம் 'பட் ஆல்சோ' போடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே வடிவச் சொல் வர வேண்டும்: 'ஷி நாட் ஒன்லி சிங்ஸ் பட் ஆல்சோ பிளேஸ் தி வீணா.' 'நாட் ஒன்லி' என்று வாக்கியத்தைத் தொடங்கினால் வினை முன்னால் தாவும்: 'நாட் ஒன்லி டஸ் ஷி சிங்...' பேச்சில் இது அவ்வளவாகத் தேவைப்படாது.

'நோ ஒன் பட் மி', 'ஆல் பட்', 'எனிதிங் பட்' இவையெல்லாம் என்ன? 'ஆனால்' பொருந்தவில்லையே?

பொருந்தாது. இங்கே 'பட்' என்றால் 'தவிர'. வியப்பாக இருக்கலாம், பழைய பொருள் இதுதான். 'ஆனால்' என்பது பின்னால் வந்தது.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் 'பூடான்' என்பது போல ஒலித்தது. 'வெளியே' என்று பொருள். அதற்குள் இருப்பது இன்றைய 'அவுட்' என்ற சொல்லின் உறவுக்காரச் சொல்தான். 'அபவுட்' என்ற சொல்லும் இதே குடும்பம். ஸ்காட்லாந்தில் இரண்டே அறைகள் கொண்ட சிறு வீட்டை 'பட் அண்ட் பென்' என்பார்கள். 'பட்' வெளி அறை, 'பென்' உள் அறை. ஒன்றுக்கு வெளியே நிற்பது என்பது அதில் சேராதது, அதைத் தவிர்த்தது என்றானது. அப்புறம் சொல்லிய செய்திக்கு வெளியே நிற்கும் இன்னொரு செய்தியைக் காட்டவும் அதே சொல் வந்து, இன்றைய இணைப்புச் சொல்லானது. வாசல் பக்கம் இருந்த ஒரு சொல் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே வந்து நிற்கும் இந்தக் கதையைச் சொல்லும்போது வகுப்பே அமைதியாகிவிடும்.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிது. 'நோ ஒன் பட் மி' என்னைத் தவிர யாரும் இல்லை. 'நத்திங் பட் தி ட்ரூத்' உண்மையைத் தவிர வேறொன்றும் இல்லை, அதாவது உண்மை மட்டும். 'எனிதிங் பட்' இதற்கு நேர் எதிர்: 'தி எக்ஸாம் வாஸ் எனிதிங் பட் ஈஸி' என்றால் தேர்வு வேறு எதுவாகவும் இருந்தது, எளிதாக மட்டும் இல்லை. இந்த இரண்டையும் மாற்றிப்போட்டால் பொருள் தலைகீழாகிவிடும். 'ஆல் பட் டூ' இரண்டைத் தவிர எல்லாம். 'ஆல் பட் ஃபினிஷ்ட்' கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. 'பட் ஃபார் யுவர் ஹெல்ப், ஐ வுட் ஹேவ் ஃபெயில்ட்' உங்கள் உதவி மட்டும் இல்லாவிட்டால் தோற்றிருப்பேன்.

'லாஸ்ட் பட் ஒன்' என்றால்?

கடைசிக்கு முந்தையது. நம் இலக்கணத்தில் ஈற்றயல் என்கிறோமே, அதே கணக்கு. 'நெக்ஸ்ட் பட் ஒன்' என்றால் அடுத்ததற்கு அடுத்தது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் வழி சொல்லும்போது காதில் விழும்.

'ஐ ஹேட் நோ சாய்ஸ் பட் டு கோ' சரியா?

சரி. போவதைத் தவிர வேறு வழியில்லை, இங்கேயும் 'தவிர' பொருள்தான். 'நோ சாய்ஸ் பட்' என்பதற்குப் பின் 'டு' வரும். 'குட் நாட் ஹெல்ப் பட்' என்பதற்குப் பின் வராது: 'ஐ குட் நாட் ஹெல்ப் பட் லாஃப்', சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

எப்படி உச்சரிப்பது?

தமிழில் 'பட்' என்று எழுதினால் முதல் ஒலி தெரியாமல் போய்விடுகிறது. 'பாட்டி' என்பதில் வரும் 'ப' இல்லை. 'பஸ்' என்று சொல்லிப் பாருங்கள், அந்த 'ப'வும் அதை ஒட்டிய உயிரும் அப்படியே இங்கே வரும். 'பேட்' என்று வாயை அகட்டினால் கிரிக்கெட் மட்டையாகிவிடும்.

ஓடும் பேச்சில் ஆங்கிலேயர் இதை அழுத்திச் சொல்வதில்லை. உயிர் தேய்ந்து, அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். 'பட் ஐ' என்பது ஏறக்குறைய 'பட்டை' என்று விழும். நாம் ஒவ்வொரு சொல்லையும் ஒரே பலத்தில் சொல்லிப் பழகியவர்கள். அழுத்தமாக 'பட்' என்றால் கேட்பவருக்கு நாம் சண்டைக்கு வருவதுபோல் தோன்றலாம். மறுத்துத்தான் பேசுகிறோம் என்றால் அழுத்துங்கள், இல்லையென்றால் லேசாக விட்டுவிடுங்கள்.

வாக்கியத்தின் கடைசியில் 'பட்' வருமா?

எழுத்தில் வேண்டாம். ஆஸ்திரேலியாவிலும் ஸ்காட்லாந்திலும் வட்டாரப் பேச்சில் 'இட் இஸ் குட், பட்' என்று முடிப்பவர்கள் உண்டு. அங்கே வேலைக்கோ படிக்கவோ போகிறவர்கள் கேட்டுக் குழம்ப வேண்டாம், அவர் வாக்கியத்தைப் பாதியில் விடவில்லை, முடித்துவிட்டார். அதே இடத்தில் 'தோ' எல்லா ஊரிலும் செல்லும்: 'இட் வாஸ் எக்ஸ்பென்சிவ். இட் இஸ் குட், தோ.'

'சாரி, பட்...' என்று சொன்னால் மன்னிப்பு கேட்டதாக ஆகுமா?

எந்த 'சாரி' என்பதைப் பொறுத்தது. 'ஐ ஆம் சாரி, பட் தி டாக்டர் ஹேஸ் லெஃப்ட்' என்று ஒரு செவிலியர் சொன்னால் அது மரியாதை. கெட்ட செய்தியை மெத்தென்று கொடுக்கும் முறை, தாராளமாகச் சொல்லலாம். நம்மில் 'தப்பாக நினைக்காதீர்கள், ஆனால்' என்று தொடங்குவதும் இந்த வகைதான்.

'ஐ ஆம் சாரி ஐ ஷவுட்டட், பட் யு மேட் மி ஆங்ரி' என்பது வேறு. பின்னால் வருவதில்தான் கனம் இருக்கும் என்று மேலே பார்த்தோம். இங்கே பின்னால் வருவது குற்றச்சாட்டு, முன்னால் கேட்ட மன்னிப்பு கரைந்துவிடுகிறது. மனசார மன்னிப்பு கேட்கும்போது 'ஐ ஆம் சாரி ஐ ஷவுட்டட்' என்பதோடு முற்றுப்புள்ளி வைத்துவிடுங்கள். சொல்ல வேண்டிய காரணத்தை இன்னொரு நாள் சொல்லலாம்.

தமிழின் 'ஆனால்' எங்கிருந்து வந்தது?

'ஆ' என்ற வினையிலிருந்து. 'வந்தால்', 'போனால்' என்பதைப் போலவே 'ஆனால்' என்பதும் நிபந்தனைச் சொல். 'அப்படி ஆகுமென்றால்' என்று பொருள். ஆங்கிலத்தின் 'இஃப்' செய்யும் வேலை அது. அந்தப் பழைய பொருள் இன்னும் நம் வாயில் உயிரோடு இருக்கிறது. 'பொழுதானால் வந்துவிடுவார்' என்கிறோம். 'ஆனால் ஆகட்டும், இல்லாவிட்டால் போகட்டும்' என்கிறோம். இரண்டு இடத்திலும் 'பட்' வைத்துப் பாருங்கள், வாக்கியம் நிற்காது. ஆங்கிலேயரின் சொல் வீட்டு வாசலிலிருந்து கிளம்பி வந்தது, நம்முடையது ஒரு நிபந்தனையிலிருந்து கிளம்பி வந்தது. இரண்டும் வந்து சேர்ந்த இடத்தில்தான் அகராதி ஒன்றை எழுதி எதிரில் மற்றொன்றை எழுதியிருக்கிறது.